போய் வருகிறேன்!



இம்மாதம் உங்களிடம் ஜப்பானிய மொழியைப் பற்றிச் சில வார்த்தைகள் பேச விழைகின்றேன். “அருப்புக்கோட்டைக்கும் ஜப்பானுக்கும் என்ன உறவு? இவருக்கு எழுத வேறு பொருள் கிடைக்கவில்லையா?” என்று நீங்கள் கேட்பது என் காதில் விழுகிறது. சற்றுப் பொறுத்து இறுதிவரை படியுங்கள். இது ஜப்பானைப் பற்றிய கட்டுரை போலத் தோன்றினாலும், உண்மையில் நம் வீடுகளைப் பற்றியதே.

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி செல்லும் சாலையில் ஒருமுறையேனும் பயணம் செய்தவர்களுக்கு எங்கள் பூமியின் இயல்பு தெரியும். சித்திரையில் வெடித்துப் பிளந்து கிடக்கும் கரிசல் மண். கண்ணுக்கெட்டிய தூரம் சீமைக்கருவேலம். அதனை வெட்டி மூட்டம் போட்டுக் கரி எடுக்கும் மக்கள். வானத்தை நம்பி விதைக்கப்படும் பருத்தியும் சோளமும் மல்லியும் மிளகாயும். ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கும் குண்டாறு. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் மழை பெய்தால் கண்மாய் பெருகும். பெய்யாவிட்டால் அடுத்த ஐப்பசி வரை காத்திருக்க வேண்டியதுதான். இப்படிப்பட்ட ஊரில் எதைச் செய்தாலும், “இதனால் என்ன பலன்?” என்ற கேள்வி முதலில் எழுவது இயல்பே. பலன் தராத ஒன்றுக்குச் செலவிட நம்மிடம் தண்ணீரும் இல்லை, காசும் இல்லை அல்லவா?

என் தங்கை மகள் அருப்புக்கோட்டையில் இருக்கிறாள். பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்றுத் தேறியவள். அவ்வாண்டுதான் அவளுடைய அத்தாவுக்கு உடல்நலம் குன்றியது. ஊர் ஊராகச் சென்று தவணைக்கு ஜவுளி விற்று வந்த மனிதர் ஆறு மாதம் வீட்டோடு முடங்கினார். அண்ணன் மதுரையில் படித்துக்கொண்டிருந்தான். ஒருவர் படிப்புக்கே பணம் காணும் என்ற நிலையில், யாருடைய படிப்பு நின்றது என்பதை நான் சொல்லவும் வேண்டுமோ? அவள் அழவுமில்லை, எதிர்த்துப் பேசவுமில்லை. அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு ரவிக்கை தைத்துக் கொடுக்கத் தொடங்கினாள்.

இரண்டாண்டுகளுக்கு முன் ஒரு மாலை அவர்கள் வீட்டுக்குச் சென்றிருந்தேன். தையல் இயந்திரத்தின் மேல் பழைய பற்று வரவு நோட்டு ஒன்று விரிந்து கிடந்தது. மச்சானின் தவணைக் கணக்குகளுக்குப் பின்புறம், வெற்றுப் பக்கங்களில், வளைவும் நெளிவுமாக ஏதோ எழுதியிருந்தது.

“என்னம்மா இது, கோலம் போட்டுப் பழகுகிறாயா?”

“இல்லை மாமா. ஜப்பான் எழுத்து.”

“ஜப்பானுக்குப் போகப் போகிறாயா?”

“இல்லை மாமா.”

“படித்தால் வேலை ஏதும் கிடைக்குமா?”

“தெரியவில்லை மாமா.”

“பிறகு எதற்கம்மா இந்த வேலை?”

அவள் ஊசியில் நூலைக் கோத்து முடிக்கும்வரை பேசவில்லை. பிறகு தலை நிமிராமலேயே சொன்னாள்: “தைப்பது வீட்டுக்காக மாமா. சமைப்பதும் வீட்டுக்காக. இரவில் இந்த அரைமணி நேரம் மட்டும் எனக்குப் பிடித்ததைச் செய்கிறேன்.”

நான் என்ன செய்தேன் தெரியுமா? வயதுக்கு மூத்தவன் என்ற உரிமையில் ஓர் உபதேசம் நிகழ்த்தினேன். கணினியில் கணக்கு எழுதப் பழகலாம், தட்டச்சுப் படிக்கலாம், நாலு காசு வரும் என்றெல்லாம் அடுக்கினேன். அவள் மரியாதையோடு கேட்டுக்கொண்டாள். பேருந்தில் திரும்பும்போதுதான் எனக்கு உறைத்தது. நான் சிறுவனாக இருந்தபோது, பினாங்கிலிருந்து திரும்பிவந்த முதியவர் ஒருவர் எங்கள் தெருத் திண்ணையில் அமர்ந்து மலாய்ச் சொற்களைச் சொல்லித் தருவார். நாள்தோறும் அவரிடம் ஓடுவேன். “இதனால் கால் காசு வருமா?” என்று கேட்டு என் அத்தா என்னை அங்கிருந்து இழுத்து வந்தார். ஐம்பது ஆண்டுகள் கழித்து அதே கேள்வியை நான் அந்தப் பெண்ணிடம் கேட்டுவிட்டு வந்திருக்கின்றேன்!

அன்பர்களே! மனிதன் அயல்மொழியை நாடுவதற்குப் பல காரணங்கள் உண்டு. முதலாவது பிழைப்பு. நம் முன்னோர் பினாங்கில் மலாயும், ரங்கூனில் பர்மிய மொழியும், கொழும்பில் சிங்களமும் கற்றது வணிகத்துக்காகவே. இன்றும் அப்படித்தான். 2010ஆம் ஆண்டில் சென்னையை அடுத்த ஒரகடத்தில் நிசான் கார்த் தொழிற்சாலை தொடங்கப்பெற்றது. இன்னும் பல ஜப்பானிய நிறுவனங்களும் தமிழகத்துக்கு வந்தன. 2021 ஜனவரியில், குறிப்பிட்ட திறன் பெற்ற தொழிலாளரை அனுப்புவது குறித்து இந்தியாவும் ஜப்பானும் உடன்படிக்கை செய்துகொண்டன. எனவே வேலைக்காக ஜப்பானிய மொழி கற்போர் இன்று பலர். அது நல்லதே. அதைக் குறை கூற நான் முற்படவில்லை.

இரண்டாவது கடமை. யூதர்களின் எழுத்தைக் கற்றுக்கொள்ளுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தபோது, ஜைது பின் ஸாபித் (ரலி) அவர்கள் அரைமாத காலத்துக்குள் அதனைக் கற்றுத் தேர்ந்ததாக ஹதீஸ் நூல்களில் காண்கிறோம்.

மூன்றாவது காரணம் ஒன்று உண்டு. அதுதான் பலருக்கு விளங்குவதில்லை. அதன் பெயர் விருப்பம். அவ்வளவே!

என் தங்கை மகளுக்கு இவ்விருப்பம் பிறந்த விதம் மிக எளியது. பக்கத்து வீட்டுச் சிறுவர்கள் தொலைக்காட்சியில் சின்சானும் டோரேமானும் பார்ப்பார்கள். தமிழ் பேசும் அந்தச் சித்திரங்கள் தம் சொந்த ஊரில் எப்படிப் பேசும் என்று அவள் யோசித்தாள். கைப்பேசியில் தேடினாள். கேட்டவுடன் ஒரு வார்த்தையும் புரியவில்லையாம். ஆயினும் எங்கோ பழகிய வீட்டுக்குள் நுழைந்தது போல் இருந்ததாம்.

அவள் சொன்னது கற்பனையன்று. நான் மறுமுறை சென்றபோது, உபதேசத்தை வீட்டிலேயே வைத்துவிட்டு, மாணவனாக அமர்ந்தேன். அவள் ஒரு வாக்கியம் சொன்னாள்: “வதாஷி வ மிஸு ஓ நோமிமாஸ்.” ‘வதாஷி’ என்றால் நான். ‘மிஸு’ என்றால் தண்ணீர். ‘ஓ’ என்பது நம்முடைய ‘ஐ’ வேற்றுமை உருபு போன்றது. ‘நோமிமாஸ்’ என்றால் குடிக்கிறேன். ‘நான் தண்ணீரைக் குடிக்கிறேன்’ என்பதில் எந்தச் சொல் எங்கே நிற்கிறதோ, அதே வரிசை! ஆங்கிலத்தில் வினைச்சொல்லை நடுவில் கொண்டுபோய்ச் செருகத் தடுமாறும் நம் பிள்ளைகளுக்கு இங்கே அந்தத் தொல்லை இல்லை.

“சாப்பிட்டுப் பார்” என்கிறோம். சாப்பாட்டைக் கண்ணால் பார்ப்பதா? இல்லை, முயன்று அறிவது என்பது பொருள். ஜப்பானியரும் ‘தபெதெ மிரு’ என்பர். ‘தபெதெ’ என்றால் சாப்பிட்டு. ‘மிரு’ என்றால் பார்ப்பது. “வாங்கி வை” என்பதற்கு அவர்கள் ‘கத்தெ ஒகு’ என்பர். அந்த ‘ஒகு’வுக்கும் வைப்பது என்றே பொருள். இது, உது, அது, எது என்று சுட்டுக்கும் வினாவுக்கும் நம்மிடம் ஒரு வரிசை உண்டு. ‘உது’ யாழ்ப்பாணத்தார் பேச்சில் இன்றும் வாழ்கிறது. ஜப்பானிய மொழியில் கொரெ, சொரெ, அரெ, தொரெ என்று அதே நான்கு படிகள். ‘சொரெ’ என்பது கேட்பவருக்கு அருகில் உள்ளதைக் குறிக்கும்.

பளபள, கடகட, மொறுமொறு என்று நாம் அடுக்கிச் சொல்வது போன்ற சொற்களும் அங்கே ஏராளம். மின்னுவது ‘கிராகிரா’. இடி உருள்வது ‘கொரோகொரோ’. மழைத் துளிகள் விட்டுவிட்டு விழத் தொடங்குவது ‘பொத்சுபொத்சு’. நாம் பொட்டுப் பொட்டாய் என்கிறோம். தொண்டையோ நிலமோ வறண்டு போவதற்கு அவர்கள் சொல் ‘கராகரா’. எங்கள் ஊருக்கென்றே செய்த சொல் போல இருக்கிறது, பாருங்கள்!

இவற்றைக் கண்டு, இரு மொழிகளும் ஒரு தாய் மக்கள் என்று உடனே முடிவு கட்டிவிடக் கூடாது. சுசுமு ஓனோ (1919–2008) என்னும் ஜப்பானிய மொழியறிஞர் தமிழுக்கும் ஜப்பானிய மொழிக்கும் உறவுண்டு என்று பல்லாண்டுகள் ஆராய்ந்து நூல்கள் எழுதினார். ஆயினும் மொழியியல் அறிஞருள் பெரும்பாலோர் அதனை ஏற்கவில்லை. உறவு உண்டோ இல்லையோ, தமிழ் அறிந்தவருக்கு அந்த வீட்டின் வாசற்படி தலையில் இடிக்காது என்பது மட்டும் உறுதி.

சிரமமே இல்லை என்றும் எண்ணிவிட வேண்டாம். ஹிராகானா என்ற அடிப்படை எழுத்துகள் 46. அயல்நாட்டுச் சொற்களை எழுதக் கதகானா என்ற மற்றொரு 46. இவற்றை ஒரு மாதத்தில் பழகிவிடலாம். அதன் பிறகுதான் கஞ்சி என்னும் சித்திர எழுத்துகள் வருகின்றன. (நோன்புக் கஞ்சியை நினைத்துக்கொள்ளாதீர்கள்!) அன்றாடப் பயன்பாட்டுக்கென ஜப்பானிய அரசு வகுத்துள்ள பட்டியலில் மட்டும் அவை 2136. 247 எழுத்துகளை நெடுங்கணக்காக ஓதிய நமக்கே மலைப்புத் தட்டும்.

ஆனால் அந்த மலையிலும் ஓர் அழகு இருக்கிறது. மரத்துக்கு ஓர் எழுத்து. அதனையே இரண்டாக அருகருகே எழுதினால் தோப்பு. மூன்றாக எழுதினால் காடு. மனிதனை மரத்தின் பக்கத்தில் நிறுத்தினால் அவ்வெழுத்துக்கு ஓய்வு என்று பொருள். மூன்று கோடுகள் ஓடினால் ஆறு. மழைக்குரிய எழுத்தில் வானத்தின் கீழ் நான்கு துளிகள் தொங்கும். அந்த எழுத்தைத்தான் அவள் அதிகமாக எழுதியிருந்தாள். ஒரு பக்கம் முழுவதும் மழை! வெளியே சித்திரை வெயில் கொளுத்த, மச்சானின் கணக்கு நோட்டில் மட்டும் விடாமல் பெய்துகொண்டிருந்தது.

மழைக்கு ‘அமெ’ என்று பெயர். அதே சொல்லைக் குரலின் ஏற்ற இறக்கம் மாற்றிச் சொன்னால் மிட்டாய் என்று பொருளாகுமாம். “நம் ஊருக்கு இரண்டும் ஒன்றுதானே மாமா” என்று சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்து வெகுநாளாகியிருந்தது.

சகோதரர்களே! விருப்பத்துக்காகக் கற்றவர்கள் உலகுக்கு என்ன தந்தார்கள் என்பதற்கு ஜப்பானிலிருந்தே சான்று காட்டுவேன். தோஷிஹிகோ இஸுத்சு என்பவர் 1914இல் பிறந்தவர், முஸ்லிம் குடும்பத்தவரல்லர். மொழிகளின் மேல் கொண்ட தீராக் காதலால் அரபு கற்க விரும்பினார். அன்றைய டோக்கியோவில் அரபு சொல்லித்தர யார் இருந்தார்கள்? அந்நகரில் வந்து தங்கியிருந்த தாத்தாரிய மூதறிஞர் அப்துர் ரஷீத் இப்ராஹீம் அவர்களைத் தேடிச் சென்றார். பின்னர் மூஸா ஜாருல்லாஹ் என்னும் பேரறிஞரிடம் பயின்றார். அந்த விருப்பம் எங்கே கொண்டு சேர்த்தது? 1957–58இல் திருக்குர்ஆன் முழுவதையும் அரபு மூலத்திலிருந்து நேரடியாக ஜப்பானிய மொழியில் பெயர்த்து வெளியிட்டார். 1993இல் அவர் மறையும்போது, குர்ஆனின் சொற்பொருளை ஆராய்ந்த அவர் நூல்களை உலகெங்கும் முஸ்லிம் அறிஞர்கள் கற்றுக்கொண்டிருந்தனர். இளம் வயதில் அவரிடம் யாராவது, “ஜப்பானியனான உனக்கு அரபு எதற்கு?” என்று கேட்டுத் தடுத்திருந்தால்?

நம் மொழியை அவ்வண்ணம் விரும்பியவர்களும் அங்கே உண்டு. ஷுஸோ மத்சுனாகா என்பவர் 1970களில் திருக்குறளின் சில வரிகளை மொழிபெயர்ப்பில் தற்செயலாகப் படித்தார். தமிழ்நாட்டிலிருந்த பேனா நண்பர் ஒருவருடன் கடிதத் தொடர்பு கொண்டு, போப் பாதிரியாரின் ஆங்கில மொழிபெயர்ப்பைப் பெற்று, 1981இல் குறளை ஜப்பானிய மொழியில் தந்தார். 1999இல் தகனோபு தகஹாஷி தமிழிலிருந்தே நேரடியாக மொழிபெயர்த்தார். நொபொரு கராஷிமா (1933–2015) 1960களின் தொடக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்க் கல்வெட்டுகளைப் பயின்றவர். சோழர் காலச் சமூகத்தை நமக்கே விளக்கிச் சொன்ன அவருக்கு 2013இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. தொலைவிலிருந்து நம்மை நாடி வந்தவர்களை மேடை போட்டுப் பாராட்டுகிறோம். நம் வீட்டுப் பெண் தொலைவிலுள்ள ஒன்றை நாடினால் மட்டும், “எதற்கு?” என்று கேட்கிறோம்.

கதைக்கு வருகின்றேன். ஜப்பானிய மொழித் திறன் தேர்வு ஆண்டுதோறும் ஜூலையிலும் டிசம்பரிலும் உலகின் பல நகரங்களில் நடைபெறுகிறது. ஐந்து நிலைகள்; அவற்றுள் ஐந்தாம் நிலையே தொடக்கநிலை. ஜப்பானில் பயிற்சி பெற்றுத் திரும்பியோர் அமைத்த ஏ.பி.கே.–ஏ.ஓ.டி.எஸ். தோசோகாய் மையம் சென்னையில் இம்மொழியைக் கற்பித்து வருகிறது. தேர்வும் அங்கே எழுதலாம். தைத்துச் சேர்த்த பணத்தில் அவள் தேர்வுக் கட்டணம் செலுத்தினாள். என் தங்கை முதலில் ஒப்பவில்லை. “பெண் கேட்டு வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள்?” என்றாள். மச்சான்தான், “நான் கூட்டிப் போகிறேன்” என்று எழுந்தார். தந்தையும் மகளும் இரவுப் பேருந்தில் சென்று, தேர்வு முடிந்ததும் அன்றிரவே திரும்பினார்கள்.

அந்தப் பயணத்தைப் பற்றி மச்சான் என்னிடம் தனியே சொன்னார். “மற்றப் பிள்ளைகள் எல்லாரும் கல்லூரிப் பிள்ளைகள். வாசலில் நின்றுகொண்டு, உள்ளே போகும் இவளையே பார்த்தேன். இப்படி ஒரு வாசலில்தானே நான் இவளை விட்டிருக்க வேண்டும் என்று நெஞ்சு அடைத்தது.” அதற்கு மேல் அவரால் பேச இயலவில்லை.

அவள் தேறினாள். சான்றிதழ் வந்தது. வேலை ஒன்றும் தேடி வரவில்லை, அவள் எதிர்பார்க்கவுமில்லை. ஆயினும் அந்த வீட்டில் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. உடல் தேறி மீண்டும் வியாபாரத்துக்குப் போகத் தொடங்கிய மச்சான், இரவு திரும்பியதும், “இன்று என்ன வார்த்தை படித்தாய்?” என்று கேட்கிறார். அவள் சொல்கிறாள். அவர் தப்பும் தவறுமாகத் திருப்பிச் சொல்கிறார்.

வீட்டை விட்டுப் புறப்படும் நாம் ‘போகிறேன்’ என்று சொல்வதில்லை. ‘போய் வருகிறேன்’ என்போம். திரும்பி வருவேன் என்ற உறுதியை விடைபெறும் சொல்லிலேயே வைத்துவிட்டுப் போவது நம் வழக்கம். ஜப்பானியரும் அப்படியே. ‘இத்தெ கிமாஸ்’ என்பர். போய் வருகிறேன் என்பதே அதன் நேர்ப்பொருள். வீட்டிலிருப்பவர் ‘இத்தெ ரஷ்ஷாய்’ என்பர். போய் வாருங்கள் என்று பொருள். மச்சான் இப்போது ஜவுளி மூட்டையைத் தூக்கிக்கொண்டு, “பிஸ்மில்லாஹ்” என்று படியிறங்கி, மகளைத் திரும்பிப் பார்த்து, “இத்தெ கிமாஸ்” என்கிறார். உள்ளிருந்து பதில் வருகிறது. எதிர்வீட்டார் முதலில் சிரித்தார்கள். இப்போது எதிர்வீட்டுச் சிறுவனும் பள்ளிக்குப் புறப்படும்போது அதையே சொல்கிறான்!

வாசகர்களே! இந்தக் கதையின் முடிவில் எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் நின்றுபோன படிப்பு இன்னும் நின்றபடியேதான் இருக்கிறது. அஞ்சல் வழியில் பட்டப்படிப்புக்கு விண்ணப்பம் வாங்குவது பற்றி அந்த வீட்டில் பேச்சு எழுந்துள்ளது. தங்கை இன்னும் தயங்குகிறாள். நான் மச்சான் பக்கம் நின்று பேசி வருகின்றேன். ஏனெனில், பொழுதுபோக்காகக் கற்கும் மொழி எத்துணை இனியதாயினும், ஒரு பெண்ணுக்கு நாம் தரத் தவறிய கல்விக்கு அது ஈடாகாது. “அவளுக்குத்தான் ஜப்பான் மொழி இருக்கிறதே” என்று கூறி நம் கடனைக் கழித்துக்கொள்ளக் கூடாது.

ஆகவே உங்களிடம் இரண்டு வேண்டுகோள்கள். உங்கள் வீட்டில் யாரேனும், மகளோ மருமகளோ, வயதான தந்தையோ, பலன் ஏதும் கருதாமல் ஒன்றைக் கற்றுக்கொண்டிருந்தால், “எதற்கு?” என்று கேட்காதீர்கள். “எங்கே, எனக்கும் ஒன்று சொல்லிக் கொடு” என்று கேளுங்கள். கடமைகளைக் கைவிடாமல், அவர்களுக்கென்று ஒரு நாளில் அரைமணி நேரம் ஒதுக்கித் தாருங்கள். அது அவர்களுக்குப் பெரிய கொடை.

அடுத்து, உங்கள் வீட்டில் யாருடைய படிப்பாவது பாதியில் நின்றிருந்தால், இன்றிரவு உணவு முடிந்ததும் அவரை அழைத்து, “மீண்டும் தொடங்கலாமா?” என்று ஒருமுறை கேளுங்கள். கரிசல் மண் ஆண்டெல்லாம் வெடித்துக் கிடந்தாலும் விதையை மறப்பதில்லை. ஒரு மழைக்குப் பிறகு எங்கள் பக்கம் வந்து பாருங்கள், தெரியும்.

அடுத்த மாதம் வேறொரு செய்தியோடு சந்திப்போம், இன்ஷா அல்லாஹ். அதுவரை, போய் வருகிறேன்!